விலைவாசி ஏறினால் யாரைக் கேட்பது? - பனியன் ஊர் சொல்லும் பணவீக்கப் பாடம்!

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் இருக்கிறது திருமுருகன்பூண்டி. உள்ளூர்க்காரர்களுக்கு அது ‘பூண்டி’. ஒரு பக்கம் உளிச்சத்தம் கேட்கும் சிற்பக்கூடங்கள், இன்னொரு பக்கம் பனியன் கம்பெனிகள், நடுவே பாடல் பெற்ற தலமான திருமுருகநாத சுவாமி கோயில்.

இந்தக் கோயிலுக்கு ஒரு வழிப்பறிக் கதை உண்டு. சேரமான் பெருமாள் நாயனார் கொடுத்தனுப்பிய பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் இந்த வழியே வந்தார். சிவபெருமான் தன் பூதகணங்களை வேடர் உருவில் அனுப்பி, அத்தனையையும் பறிக்கச் செய்தார். சுந்தரர் கோயிலுக்கு வந்து இறைவனிடமே முறையிட்டுப் பாட, பறிபோனது திரும்பக் கிடைத்தது என்கிறது தலபுராணம்.

யாரிடம் முறையிட வேண்டும் என்பது சுந்தரருக்குத் தெரிந்திருந்தது. விலைவாசி விஷயத்தில் நமக்குத்தான் அது தெரிவதில்லை. சம்பளக் கவரில் அதே தொகைதான் இருக்கிறது. ஆனால், மளிகைக் கடையிலிருந்து வீடு திரும்பும்போது பை பாதிதான் நிறைந்திருக்கிறது. பறித்தது யார்? கடைக்காரரா, மில்காரரா, மாநில அரசா, மத்திய அரசா, ரிசர்வ் வங்கியா, எங்கோ நடக்கும் போரா?

எல்லோரும் இன்னொருவரைக் கை காட்டுவார்கள். அந்தக் குழப்பத்தில்தான் ஆட்சியில் இருப்பவர் தப்பித்துக்கொள்கிறார். சில நேரம், செய்யாத தவறுக்கு மாட்டிக்கொள்ளவும் செய்கிறார். இரண்டுமே நமக்கு நல்லதல்ல.

2022: நூல் விலை ஏறிய கதை

பணவீக்கம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள திருப்பூர் வட்டாரத்துக்குப் பெரிய புத்தகம் எதுவும் தேவையில்லை. 2021, 2022 ஆண்டுகளின் நூல் விலையே போதும்.

பஞ்சை ‘கேண்டி’ கணக்கில் விற்பார்கள். ஒரு கேண்டி என்பது 356 கிலோ. 2021 தொடக்கத்தில் ஒரு கேண்டி சுமார் 45,000 ரூபாய். 2022 மே மாதத்தில் அது 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. பஞ்சு ஏறினால் நூல் ஏறும். அந்த மே மாதத்தில் மட்டும் நூல் விலையைக் கிலோவுக்கு 40 ரூபாய் உயர்த்தின மில்கள். மே 16, 17 தேதிகளில் திருப்பூர் வேலைநிறுத்தம் செய்தது. முதல்வர் ஸ்டாலின், பிரதமர் மோடிக்குக் கடிதம் எழுதினார்.

கிலோவுக்கு 40 ரூபாய் என்றால் ஒரு டி-ஷர்ட்டுக்கு என்ன ஆகும்? ஒரு கிலோ துணியில் நாலைந்து டி-ஷர்ட் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்கு 8 முதல் 10 ரூபாய் கூடுதல் செலவு. கேட்கச் சின்னத் தொகைதான். ஆனால், ஏற்றுமதி ஆர்டருக்கு விலை பேசி முடிப்பது பல மாதங்களுக்கு முன்பே. அந்த டாலர் விலையை நடுவில் மாற்ற முடியாது. ஒரு பீஸில் நிற்கும் லாபமே சில ரூபாய்தான் என்கிறபோது, நூல் விலை அதை அப்படியே விழுங்கிவிடும்.

பெரிய கம்பெனி ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே ஜாப் ஒர்க் செய்யும் நிட்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள் யூனிட்டுகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஆர்டர் குறைந்தால், பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கு வாரச் சம்பளம் குறையும். அதே வாரத்தில் அவர் வாங்கும் சமையல் எண்ணெய் விலை ஏறியிருக்கும். விலைவாசி ஒரே ஆளை இரண்டு பக்கமும் இடிப்பது இப்படித்தான்.

ஒரு விலை... ஐந்து காரணங்கள்!

அந்த நூல் விலை ஏன் ஏறியது? பணவீக்கத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் காரணங்கள் பலவும் இதற்குள் இருக்கின்றன.

முதலாவது, தேவை. கொரோனா ஊரடங்கு முடிந்ததும் உலகம் முழுக்கக் கடைகள் திறந்தன. அமெரிக்கா 2021 மார்ச்சில் மட்டும் 1.9 லட்சம் கோடி டாலருக்கு நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. மக்கள் கையில் பணம் வந்தது, உடை வாங்கினார்கள். வாங்கும் கை கூடி, பொருள் அதே அளவு இருந்தால் விலை ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது, வரத்து. இந்தியாவில் அந்தப் பருவத்தில் பஞ்சு விளைச்சல் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. விலை இன்னும் ஏறும் என்று கையிருப்பை விடாமல் வைத்திருந்தவர்களும் உண்டு. ‘நாளைக்கு ஏறும்’ என்கிற எதிர்பார்ப்பே இன்றைக்கு விலையை ஏற்றிவிடும்.

மூன்றாவது, செலவு. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா - உக்ரைன் போர் தொடங்கியது. கச்சா எண்ணெய், சமையல் எண்ணெய், கோதுமை எல்லாம் ஏறின. டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும். லாரி வாடகை ஏறினால் தக்காளி முதல் சாயம் வரை எல்லாமே ஏறும்.

நான்காவது, நாணய மதிப்பு. கச்சா எண்ணெயை டாலரில்தான் வாங்குகிறோம். ரூபாய் சரிந்தால், உலக விலை மாறாவிட்டாலும் நமக்கு விலை கூடும். திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு ரூபாய் சரிவது கொஞ்சம் லாபம். அவர் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு அதுவே பெட்ரோல் பங்க்கில் நஷ்டம்.

ஐந்தாவது, அரசின் வரி. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில், இறக்குமதிப் பருத்திக்கு எல்லாம் சேர்த்து 11 சதவிகித வரி விதிக்கப்பட்டது. உள்நாட்டு விவசாயிக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வெளிநாட்டுப் பஞ்சைக் கொண்டுவந்து விலையைச் சமாளிக்கும் வழி அதனால் குறுகியது. 2022 ஏப்ரல் 14 முதல் அந்த வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது.

இந்த ஐந்தில், தேவையும் போரும் எந்த இந்திய ஆட்சியாளர் கையிலும் இல்லை. விளைச்சல் பாதி வானம், பாதி வேளாண் கொள்கை. இறக்குமதி வரி மட்டும் முழுக்க முழுக்க மத்திய அரசின் கையெழுத்து. அதைப் போட 1 நாள், எடுக்க 14 மாதங்கள்!

ஆனால், ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வரியை நீக்கிய பிறகும் மே மாதத்தில் பஞ்சு விலை ஏறத்தான் செய்தது. காரணம், உலகச் சந்தையிலேயே பஞ்சு உச்சத்தில் இருந்தது. ஆக, வரியால் மட்டுமே விலை ஏறியது என்பதும் சரியல்ல. வரிக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் சரியல்ல. விலைவாசியைப் பற்றி நேர்மையாகப் பேசினால் பதில் பெரும்பாலும் இப்படி நடுவில்தான் நிற்கும்.

விலை குறைந்தது... வேலையும் குறைந்தது!

2022-ன் பிற்பாதியில் பஞ்சு விலை இறங்கியது. திருப்பூர் கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாட முடியவில்லை. விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம், உலகம் உடை வாங்குவதைக் குறைத்துக்கொண்டதுதான்.

அமெரிக்காவில் 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவிகிதத்தைத் தொட்டது. அந்நாட்டு மத்திய வங்கி, பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டி விகிதத்தை 2023 ஜூலைக்குள் 5.25 - 5.5 சதவிகிதத்துக்குக் கொண்டுபோனது. வட்டி ஏறினால் கடன் வாங்குவது குறையும், செலவு குறையும், விலை அடங்கும். பணவீக்கத்துக்குப் பொதுவான மருந்து இதுதான். ஆனால், அங்கே யாரோ ஒருவர் புது டி-ஷர்ட் வாங்குவதைத் தள்ளிப்போட்டால், இங்கே பூண்டியில் ஒரு ஓவர்லாக் மெஷின் சும்மா நிற்கும்.

இந்தியாவிலும் அதே மருந்துதான். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவிகிதம். மே 4 அன்று ரிசர்வ் வங்கி திடீரென ரெப்போ வட்டியை 4-லிருந்து 4.4 சதவிகிதமாக உயர்த்தியது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 சதவிகிதம். வங்கிக் கடனில் மெஷின் வாங்கிய சின்ன யூனிட் உரிமையாளருக்குத் தவணை கூடியது.

எனவே, ‘பணவீக்கத்தைக் குறைத்துவிட்டோம்’ என்று ஓர் ஆட்சியாளர் சொன்னால், எதைக் கொடுத்துக் குறைத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

‘பணவீக்கம் குறைந்தது’ என்றால் விலை குறைந்ததா?

இல்லை! பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

100 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பொருள், ஒரே ஆண்டில் 8 சதவிகிதம் ஏறினால் 108 ரூபாய். அடுத்த ஆண்டு பணவீக்கம் 5 சதவிகிதமாகக் ‘குறைந்தால்’ விலை 113 ரூபாய் 40 காசு. அதற்கடுத்த ஆண்டு வெறும் 0.25 சதவிகிதமானாலும் 113 ரூபாய் 68 காசு. விலை ஒருமுறைகூட இறங்கவில்லை. ஏறும் வேகம்தான் குறைந்தது.

2025 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவிகிதம் என்று அறிவிக்கப்பட்டது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில் அதுதான் மிகக் குறைவு. ஆனால், ‘எங்கே குறைந்தது?’ என்று கேட்ட குடும்பத்தலைவிகள் தவறாகக் கேட்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் ஏறிய பல விலைகள் ஏறிய இடத்திலேயே நின்றன. அரசு சொல்வது வேகம். நாம் பார்ப்பது உயரம். இரண்டும் உண்மைதான்.

எனவே, சரியான கேள்வி வேறு. அந்த 113 ரூபாய் 68 காசுக்கு ஈடாக நம் கூலி ஏறியிருக்கிறதா? 100 ரூபாய் கூலி 106 ஆகியிருந்தால், பணவீக்கம் பூஜ்யமாக இருந்தாலும் நாம் பின்னால்தான் நிற்கிறோம். கூலி 120 ஆகியிருந்தால், விலை ஏறியும் நாம் முன்னால்தான். பனியன் தொழிலில் கூலி ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பேசப்படுகிறது. விலையோ மாதாமாதம் மாறுகிறது. அந்த இடைவெளியில்தான் தொழிலாளியின் காசு கரைகிறது.

இலங்கை: ஆட்சியாளர் உருவாக்கிய பணவீக்கம்

கையில் இல்லாத காரணங்களைப் பார்த்தோம். ஆட்சியாளர் கையால் வந்த பணவீக்கத்துக்கு பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

2019 நவம்பரில் இலங்கை அதிபரானார் கோத்தபய ராஜபக்சே. அடுத்த மாதமே மதிப்புக்கூட்டு வரி 15-லிருந்து 8 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. கேட்க இனிப்பான செய்தி. ஆனால், அரசின் வருமானம் சரிந்தது. பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி புதிதாகப் பணத்தைப் பெருக்கியது. 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீர்த் தடை வந்தது, விளைச்சல் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால், பயிர் காத்திருக்கவில்லை.

கொரோனாவால் சுற்றுலா முடங்கியது உண்மை. உக்ரைன் போரால் எரிபொருள் விலை ஏறியதும் உண்மை. ஆனால், அதே கொரோனாவும் அதே போரும் இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் வந்தன. கொழும்பில்தான் 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவிகிதத்தை நெருங்கியது. அதற்கு முன்பே, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என அறிவித்தது இலங்கை. ஜூலையில் கோத்தபய நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார்.

கதையின் இரண்டாம் பாதி இன்னும் முக்கியம். அடுத்து வந்த அதிபர் ரணில் விக்கிரமசிங்கே காலத்தில் சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி கிடைத்தது. 2024 செப்டம்பரில் பணவீக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போனது. அதே மாதம் நடந்த அதிபர் தேர்தலில் ரணில் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்; அநுர குமார திசாநாயக்க வென்றார். 70-லிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவரை மக்கள் ஏன் ஏற்கவில்லை?

பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, நாம் பார்த்த அதே கணக்கு. வேகம் நின்றது, உயரம் இறங்கவில்லை. மதிப்புக்கூட்டு வரி 18 சதவிகிதமானது. மின் கட்டணம் பல மடங்கு ஏறியிருந்தது. வைத்தியம் நடந்தது உண்மை. ஆனால், அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்று மக்கள் கேட்டார்கள்.

அமெரிக்கா: மருந்து கொடுத்தவருக்குத் தோல்வி

அதிபர் ஜோ பைடன் ஆட்சியில் விலை ஏறியது. அவரது நிவாரணத் திட்டமும் அதற்கு ஒரு காரணம் எனப் பொருளாதார நிபுணர்கள் பலர் சொன்னார்கள். ஆனால், பைடன் ஆளாத பிரிட்டனில் 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவிகிதம்! அப்படியென்றால், பெரும்பகுதி உலகப் பொதுக் காய்ச்சல்; ஒரு பகுதி மட்டும் உள்நாட்டுக் கைவேலை. 2024 தேர்தல் நேரத்தில் அமெரிக்கப் பணவீக்கம் 3 சதவிகிதத்துக்கும் கீழே வந்திருந்தும் அவரது கட்சி தோற்றது.

இதற்கு முன்னோடி ஜிம்மி கார்ட்டர். 1979-ல் மத்திய வங்கித் தலைவராக பால் வோல்க்கரை நியமித்தது அவர்தான். வோல்க்கர் வட்டியைக் கடுமையாக உயர்த்தினார். 1980-ல் பணவீக்கம் 14 சதவிகிதத்தைத் தாண்டியது. கார்ட்டர் தேர்தலில் தோற்றார். 1983-க்குள் பணவீக்கம் சுமார் 3 சதவிகிதமானது. அப்போது அதிபர் ரொனால்ட் ரீகன். கசப்பு மருந்து ஒருவர் ஆட்சியில். குணமானது இன்னொருவர் ஆட்சியில்!

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1965-ல் போர், அடுத்தடுத்து வறட்சி, 1966 ஜூனில் டாலருக்கு 4.76-லிருந்து 7.50 ஆகச் சரிக்கப்பட்ட ரூபாய், அரிசித் தட்டுப்பாடு... 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்ததற்கு மொழிப்போராட்டத்தோடு அரிசியும் ஒரு காரணம். ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்றது தி.மு.க. வென்ற பிறகு, ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் நீட்டிக்க கஜானா இடம் கொடுக்கவில்லை. ஆட்சிக்கு எதிரான கோபத்தில் நியாயம் இருந்தது. வாக்குறுதியின் விலை என்ன என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி, எப்படித்தான் மதிப்பெண் போடுவது?

அதிபரோ, பிரதமரோ, முதல்வரோ... விலைவாசி விஷயத்தில் ஒருவரை எடைபோட ஐந்து கேள்விகள் போதும்.

1. காரணம் அவர் கையில் இருந்ததா? இந்தியாவில் இறக்குமதி வரி, கலால் வரி மத்திய அரசிடம். பெட்ரோல் மீதான மதிப்புக்கூட்டு வரி, பேருந்துக் கட்டணம், மின் கட்டணக் கொள்கை மாநிலத்திடம். வட்டி ரிசர்வ் வங்கியிடம். பணவீக்கத்தை 4 சதவிகிதத்தில், 2 முதல் 6-க்குள் வைத்திருப்பது ரிசர்வ் வங்கியின் கடமை. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் தவறினால் அரசுக்கு விளக்கம் எழுத வேண்டும். 2022-ல் அப்படி எழுத வேண்டியும் வந்தது.

2. பக்கத்து வீட்டில் என்ன நிலைமை? எல்லா நாட்டிலும் ஏறியிருந்தால் அது பொதுக் காய்ச்சல். நம்மிடம் மட்டும் எகிறியிருந்தால் நம் சமையலறையில்தான் கோளாறு.

3. எப்போது தெரிந்தது, எப்போது செயல்பட்டார்? 2022-ல் பருத்தி வரியை நீக்க 14 மாதங்கள் ஆனது. 2025-ல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்க அதிபர் ட்ரம்ப் விதித்த 50 சதவிகித வரி ஆகஸ்ட் 27-ல் அமலானபோது, அதற்கு எட்டு நாள் முன்பே, ஆகஸ்ட் 19 முதல் பருத்தி இறக்குமதி வரி நீக்கப்பட்டுவிட்டது. முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. அரசு அதே அரசு, ஆயுதம் அதே ஆயுதம். வேகம் மட்டும் வேறு. ஒரே அரசுக்கு ஒரு தேர்வில் குறைந்த மார்க்கும் இன்னொன்றில் நல்ல மார்க்கும் கொடுப்பதில் தவறில்லை.

4. சுமையை யார் மேல் வைத்தார்? 2020 மே மாதம் கச்சா எண்ணெய் மலிவாக இருந்தபோது பெட்ரோல் மீது 10 ரூபாயும், டீசல் மீது 13 ரூபாயும் வரி கூட்டியது மத்திய அரசு. பிறகு 2021 நவம்பரிலும், 2022 மே மாதத்திலும் குறைத்தது. கொரோனா காலச் செலவுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது என்பது ஒரு வாதம். லாரி வாடகை வழியாக ஏழையின் தட்டில் கைவைத்தார்கள் என்பது எதிர்வாதம். பருத்தி வரியும் அப்படித்தான். நீக்கினால் பனியன் கம்பெனிக்கு நிம்மதி, பருத்தி விவசாயிக்குக் கலக்கம். யாருடைய இழப்புக்கு அரசு என்ன ஈடு கொடுத்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

5. கூலி கூடவே ஏறியதா, வேலை இருந்ததா? விலை அடங்கி, வேலையும் அடங்கிப்போனால் அது பாதி வெற்றிதான்.

இந்த ஐந்துக்கும் ஒரே பதில் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஒரு தொழில் நகரத்தின் வயிறு, வாஷிங்டனில் ஏறும் வட்டி, குஜராத்தில் பெய்யும் மழை, டெல்லியில் போடும் கையெழுத்து, சென்னையில் எடுக்கும் முடிவு ஆகிய எல்லாவற்றோடும் கட்டப்பட்டிருக்கிறது. அதில் எந்த முடிச்சை யார் போட்டார்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வாக்காளரின் வேலை.

‘விலைவாசிக்கு இந்த ஆட்சிதான் காரணம்’ என்று மேடையில் ஒருவர் முழங்கினால், ‘எந்த வரி, எந்த மாதம், எவ்வளவு?’ என்று கேளுங்கள். ‘எங்களுக்குச் சம்பந்தமே இல்லை, எல்லாம் உலகச் சந்தை’ என்று ஆட்சியில் இருப்பவர் சொன்னாலும், அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்பவருக்கு மார்க் போடலாம். பேச்சை மாற்றுபவருக்கு எவ்வளவு போடுவது என்பது உங்கள் கையில்!